அரக்கு வண்டிக்கு விசிறி வீசிய கதை

சென்ற மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு மின்சாரக் கார் வந்திருந்தது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்குச் சத்தமில்லை. அதற்கு முன்னால் நாலு பேர், ஆளுக்கொரு பெரிய வட்ட விசிறியைப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, அதன் மூக்குக்கு விசிறிக்கொண்டு வந்தார்கள். விசிறியின் ஓரத்தில் சரிகை வேறு. வண்டி ஓட்டிய தம்பியிடம், "எஞ்சின் எங்கப்பா இருக்குது?" என்று கேட்டேன். முன்னால் ஒன்றுமே கிடையாது, பெட்டி வைக்கிற இடம்தான் என்றார். சந்தேகத்துக்கு பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"அப்ப எதுக்கு விசிறுறீங்க?" என்று விசிறிக்காரரைக் கேட்டேன்.

"பெரியவரே, இது காஞ்சிபுரத்து வழக்கம். பல்லவர் காலத்துலேர்ந்து நடந்துக்கினு இருக்குது," என்றார்.

பல்லவர்களிடம் ரேடியேட்டர் கிடையாது. இந்த வழக்கம் எப்போது வந்தது, ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்றைக்கு மூன்று பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவன் நான். நாற்பது வருஷம் மோட்டார் வேலை பார்த்து, முட்டி தேய்ந்து, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். செய்யாத காரியத்துக்குப் பல்லவர்கள் பெயர் வாங்கிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஐயம்பேட்டை. நிலம் உழுகிற குடும்பம். எனக்கு மாடு பிடிக்காது, மாட்டுக்கும் என்னைப் பிடிக்காது. எட்டாம் வகுப்போடு டவுனுக்கு வந்து மோட்டார் கொட்டகையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் போல்ட்டு கழுவினேன். மூன்றாம் வருஷம் எந்தப் போல்ட்டு எங்கே போகிறது என்று தெரிந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

என் மேஸ்திரி சம்பத் ஐயங்கார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். வீட்டில் மற்ற எல்லோரும் பெருமாள் கைங்கர்யத்தில் இருக்க, இவர் மட்டும் யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ரிப்பேருக்குப் போய்விட்டு, திரும்பி வந்து ரயிலடிப் பக்கம் தகரக் கொட்டகை போட்டார். நெற்றியில் பளிச்சென்று நாமம், பின்னால் குடுமி, இடுப்பில் வெள்ளை வேட்டி, மேலே காக்கிச் சட்டை. அந்த வேட்டியில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. கிரீஸ் எல்லாம் எனக்குத்தான். குளிக்காமல் எஞ்சின் தலையைக் கழற்ற மாட்டார். எஞ்சினை 'அவர்' என்பார், என்னை 'டேய்' என்பார். கொட்டகைக்குள் சூடு என்று சொல்லக் கூடாது, ஜுரம் என்றுதான் சொல்ல வேண்டும். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு ஒரு விரற்கடை மேலே புறங்கையை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "நூத்தித் தொண்ணூறு," என்பார். ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தால் முள் நூற்றுத் தொண்ணூற்றில் இருக்கும். எல்லாம் பாரன்ஹீட் கணக்கு; இருநூற்றுப் பன்னிரண்டில் தண்ணீர் கொதிக்கும்.

கொதிக்கிற வண்டி வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடும் ரேடியேட்டரின் மூடியை யாரும் தொடக் கூடாது. மேஸ்திரி வண்டிக்கு எதிரே நின்று ஒரு ஸ்லோகம் ஆரம்பிப்பார். அது முடிந்த பிறகு நான் நனைத்த கோணியை மூடிமேல் போட்டுக் கால் சுற்று திருப்புவேன். சீற்றம் அடங்கும்வரை இரண்டு பேரும் கைகட்டி நிற்போம். பிறகு இன்னொரு கால் சுற்று. அவசரப்படுத்துகிற லாரிக்காரர்களுக்கு ஸ்லோகத்தை மெதுவாகச் சொல்வார். சண்டைக்கு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இன்னொரு விதியும் உண்டு. கொதித்த எஞ்சினில் ஒருபோதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். ஜில்லென்று பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். "ஜுரக்காரனைத் தூக்கிக் கொளத்துல போடுவியோடா?" என்பார். சரியான விதி. ஆனால் கொதித்துக் கிடக்கிற வண்டிக்கு வெந்நீர் கேட்கிறோமே என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்களைக் கிறுக்கர்கள் என்றுதான் நினைத்தார்கள்.

இப்போது வடிவேல் முதலியாருக்கு வருகிறேன். பட்டு வியாபாரி. ஒரே மகள் மங்கையர்க்கரசி, எல்லோருக்கும் மங்கை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, மேளதாளத்தோடு ராஜ வீதிகளைச் சுற்றி மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். மங்கைக்கு முதலில் நிச்சயமான மாப்பிள்ளையை அப்படி அழைத்து வரும்போது, வாடகைக்கு எடுத்த கார் பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், "மொத அடியிலியே நின்னுபோச்சே, இந்தக் குடும்பம் எங்க ஓடப்போவுது?" என்று கேட்டார். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொதித்தது தண்ணீர், பழி விழுந்தது பெண் தலையில். இரண்டு வருஷம் அந்த வாசலில் ஒரு வரன் வந்து நிற்கவில்லை.

பிறகு ஆரணியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி, சாது. அவருடைய அத்தை தனபாக்கியம் சாது அல்ல. அந்த வீட்டில் அந்த அம்மாள் சொன்னதுதான் சட்டம். பழைய கதை அவர் காதுக்கும் போயிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை அழைப்பு அதே வீதிகளில், அதே தூரம், காரில் நடக்க வேண்டும். போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி வண்டி தானாக ஓட வேண்டும், யாரும் கை வைத்துத் தள்ளக் கூடாது. அப்போதுதான் தோஷம் கழிந்ததாக அர்த்தம். நடுவில் எஞ்சின் நின்றால் அவர்கள் ஆரணி பஸ் பிடித்துவிடுவார்கள்.

வாடகை வண்டியை இனி நம்புவதில்லை என்று முதலியார் சொந்தமாகவே வாங்கிவிட மெட்ராஸ் போனார். கையில் மங்கையின் முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு போனார். நல்ல அரக்கு நிறம். அங்கே ஒரு எஸ்டேட்காரர் மகன் பந்தயத்தில் ஓட்டி அலுத்துப்போன சீமை வண்டி ஒன்று நின்றது. திறந்த வண்டி, இரண்டே ஆசனம். முதலியார் எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை வெயிலில் பிரித்து வண்டிக் கதவின்மேல் போட்டுப் பார்த்தார். துளி வித்தியாசமில்லை. வாங்கிவிட்டார். பட்டு வியாபாரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு கார் வாங்கியிருக்க மாட்டார்கள்.

வண்டி கொட்டகைக்கு வந்தது. மேஸ்திரி பானெட்டைத் திறந்தார். உள்ளே குனிந்து தேடினார்.

"டேய் ஏகாம்பரம், விசிறி எங்கேடா?"

எல்லாக் கார்களிலும் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறி சுழலும். இதில் இல்லை. வேகத்துக்கு இடைஞ்சல் என்று பந்தயக்காரர் கழற்றி எறிந்துவிட்டார். அவருக்குத் தேவையும் இல்லை. அறுபது மைல் வேகத்தில் போகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். லாரி விசிறி, ஜீப் விசிறி எல்லாம் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தோம். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே என் கை நுழையக்கூட இடமில்லை.

"முதலியார்வாள், இவர் ஓடிண்டே இருந்தாத்தான் ஆரோக்கியமா இருப்பார். நடந்தா ஜுரம் வந்துடும்," என்றார் மேஸ்திரி.

"அப்ப அறுபது மைல்லியே போவட்டுமே சாமி."

"போகலாம். நாயனக்காரர் ஓடுவாரோ?"

முதலியார் நிஜமாகவே யோசித்தார். பிறகு, "ஓட மாட்டாரு," என்று ஒப்புக்கொண்டார்.

ரயிலடியிலிருந்து நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். பதினோராவது நிமிஷம் கொதித்தது. ஊர்வலம் இரண்டு மணி நேரம்.

மறுநாள் மங்கையே அப்பாவோடு கொட்டகைக்கு வந்தாள். பெண்கள் யாரும் வராத இடம். மேஸ்திரி பதறி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"சாமி, இந்த வாட்டியும் நின்னுதுன்னா எனக்கு இனிமே மாப்பிள்ளை பாக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நிக்காதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

மேஸ்திரி பொய் சொல்கிறவர் இல்லை. "முடியாதும்மா. ஆனா இவர் நிக்காம இருக்கறதுக்கு மனுஷனால என்னவெல்லாம் பண்ண முடியுமோ, அத்தனையும் பண்ணிடறேன்," என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு, வழியில் ஜுரம் எவ்வளவு என்று எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டாள். மேஸ்திரி மீட்டரைப் பார்த்துச் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன் என்றேன். "ஜுரம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலே அந்த அத்தை அங்கியே எறங்கிடும். கலர் சொல்லுங்க. நல்லா இருந்தா பச்சை. ஏறினா மாம்பழ மஞ்சள். கொதிக்கப்போவுதுன்னா அரக்கு. எனக்குப் புடவை எடுக்கிறதப் பத்திப் பேசறீங்கன்னு நெனைச்சுக்கும்," என்றாள். அந்தக் கொட்டகையில் அந்த வாரம் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

ஒரு காலை வேளையில் ஒத்திகை வைத்தோம். மேஸ்திரி ஓட்டினார். மாப்பிள்ளையின் எடைக்கு ஆள் வேண்டுமே என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நாயனக்காரர் பக்கிரிசாமியும் தவில்காரரும் முன்னால் நடந்தார்கள். எத்தனை இடத்தில், எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று தெரிய வேண்டும். முதல் முச்சந்தியிலேயே பக்கிரிசாமி ஆலாபனையை ஆரம்பித்துக் கண்ணை மூடிவிட்டார். முள் ஏறிக்கொண்டே போயிற்று.

"பக்கிரி, கொஞ்சம் சுருக்கமா வாசிக்கப்படாதா?" என்றார் மேஸ்திரி.

பக்கிரிசாமி வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். "சுருக்கினா அதுக்குப் பேரு ஆலாபனை இல்ல சாமி, விக்கல்," என்றார்.

கடைசியில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. பச்சை என்றால் அவர் இஷ்டத்துக்கு நின்று வாசிக்கலாம். மஞ்சள் என்றால் நான் இரண்டு தடவை இருமுவேன். உடனே துரித காலத்துக்கு மாறி எட்டி நடக்க வேண்டும். வண்டி கொஞ்சம் வேகமெடுத்தால் மூக்கில் கொஞ்சம் காற்றுப் படும். அரக்கு என்றால் கடவுள் விட்ட வழி.

ஒத்திகையில் நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. திறந்த காரில், மேளதாளத்தோடு, ராஜ வீதியில் ஒருவன் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மத்தியானத்துக்குள் செய்தி ஐயம்பேட்டைக்குப் போய்விட்டது. மூன்று மணி பஸ்ஸில் என் அம்மா அழுதுகொண்டே கொட்டகைக்கு வந்தாள்.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கண்ணாலம் பண்ணிக்கினியேடா, பாவி. பொண்ணு யாருடா?"

ரேடியேட்டர்தான் பெண் என்றேன். செருப்பை எடுத்தாள். மேஸ்திரி குறுக்கே வந்து, எஞ்சினில் ஆரம்பித்து அரை மணி நேரம் விளக்கினார். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப ஒனக்கு எப்பத்தான்டா கண்ணாலம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

ஒத்திகையில் தெரிந்தது இதுதான்: காற்று இல்லாமல் எதுவும் நடக்காது. மேஸ்திரி இரண்டு நாள் வேலையை விட்டு யோசித்தார். மூன்றாம் நாள் கோயிலிலிருந்து திரும்பி வரும்போதே முகத்தில் தெளிவு இருந்தது. பெருமாள் புறப்பாட்டில் பெரிய பெரிய விசிறி பிடித்துக்கொண்டு வருகிறார்கள் இல்லையா, அதே அளவில் நாலு பனையோலை விசிறி செய்யச் சொன்னார். முதலியாரின் நெசவாளிகள் அதற்குப் பட்டுத் துண்டு ஒட்டி ஓரத்தில் சரிகை வைத்தார்கள். நாலு பேர் பின்பக்கமாக நடந்துகொண்டே ரேடியேட்டருக்கு விசிற வேண்டும். யாராவது கேட்டால் காஞ்சிபுரத்து வழக்கம் என்று சொல்ல வேண்டும். பல்லவர்கள் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது பிற்பாடு சேர்ந்தது.

அதோடு, சீமைக் குளிருக்கு என்று அந்த வண்டியில் கால்மாட்டில் ஒரு ஹீட்டர் இருந்தது. எஞ்சின் சூட்டை எடுத்து உட்கார்ந்திருப்பவர்களின் கால்மேல் ஊதும். அதைத் திறந்துவிட்டால் எஞ்சினுக்கு அந்த அளவு சூடு குறையும். வைகாசி மாதத்தில் ஹீட்டர். மேஸ்திரி யோசிக்காமல் திறந்து, ஓட்டுகிறவர் பக்கத்துத் துவாரத்தைத் துணி வைத்து அடைத்துவிட்டார். மாப்பிள்ளை பக்கம் மட்டும் திறந்திருந்தது.

ரேடியேட்டர் மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்தோம். ஆவி தாராளமாக வெளியே போகட்டும், போகிற தண்ணீரை வழியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஐந்து முனைகளில் ஐந்து வீடுகளில் வாசலில் வெந்நீர்ப் பானை வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாவது வீடு மண்டபத்துக்கு முந்தின முனையில், நெசவாளி குப்பம்மாள் வீடு. அங்கே சொல்லும்போது இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மாலை வந்தது. மேஸ்திரி புதுப் பஞ்சகச்சமும் வெள்ளை அங்கவஸ்திரமுமாக ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில். நான் நனைத்த கோணியோடு பானெட் ஓரமாக நடந்தேன். பின்னால் ஆரணிப் பெண்கள், முன்வரிசையில் தனபாக்கியம் அத்தை. காஸ் லைட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்கள்.

விசிறிகள் கிளம்பியதும் அத்தை வேகமாக முன்னால் வந்தார். "இன்னாத்துக்குப்பா காருக்கு விசிறுறீங்க?"

"இந்த ஊர் வழக்கம்மா. மாப்பிள்ளைக்கு மரியாதை."

"மாப்பிள்ளை மேல உக்காந்துக்கினு இருக்காரு. நீங்க கீழ விசிறுறீங்க."

"வாகனத்துக்குத்தாம்மா மொத மரியாதை," என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. அத்தைக்கு அது பிடித்துவிட்டது. ஆரணியில் இப்படி எல்லாம் இல்லையே என்று பக்கத்துப் பெண்ணிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"பச்சை," என்றார் மேஸ்திரி உள்ளேயிருந்து. முதல் முனை, வெந்நீர். "பச்சை." இரண்டாம் முனை, வெந்நீர். பக்கிரிசாமி நிம்மதியாகக் கண்ணை மூடினார். மூன்றாம் முனையில் மாப்பிள்ளை மெதுவாக மேஸ்திரி பக்கம் சாய்ந்தார்.

"சாமி, கால் வேவுது."

"சீமை வண்டியோன்னோ, வெதுவெதுன்னுதான் இருக்கும்."

"கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"கல்யாணம் ஆகணுமா வேண்டாமா?" என்றார் மேஸ்திரி. மாப்பிள்ளை இரண்டு காலையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு கும்பிட்டபடியே வந்தார். கூட்டம் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டது.

"மாம்பழ மஞ்சள்." நான் இருமினேன். தவில் துரித காலத்துக்குப் பாய்ந்தது. எல்லோரும் எட்டி நடந்தோம். விசிறிக்காரர்கள் பின்பக்கமாக ஓடியதில் ஒருவர் விழுந்து எழுந்தார். போன தடவை வண்டி நின்ற இடம் வந்தது. முதலியார் அந்த இடத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தார். அரக்கு வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நாலாம் முனை தாண்டியதும் மண்டபத்திலிருந்து மங்கையின் அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்து என் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். "மங்கை கேட்டுது, இன்னா கலருன்னு."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். "நல்ல மஞ்சள்டா. அரக்கு வந்துண்டிருக்கு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அண்ணியிடம், "பச்சைன்னு சொல்லுங்க," என்றேன். என் வேலையில் நான் தெரிந்தே ஒரு மீட்டரை மாற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஐந்தாம் முனை. குப்பம்மாள் வீட்டு வாசலில் ஆவி பறக்கப் பானை இருந்தது. காஸ் லைட்டில் கண் கூசியது, கூட்டம் நெருக்கியது. கோணியால் பானையைப் பிடித்து, ரேடியேட்டர் மூடியைத் தள்ளி, முழுவதையும் ஊற்றினேன். வழக்கமாக விரலை நனைத்துப் பார்ப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. பானை கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. பக்கத்திலேயே இன்னொரு பானை இருந்ததை, நாலடி போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். குப்பம்மாள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். நெசவுக்குப் போகும் முன், தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். மறுநாள் பாவுக்கு என்று அவள் காய்ச்சி இறக்கிய அரிசிக் கஞ்சியை நான் சீமை எஞ்சினுக்கு ஊற்றியிருந்தேன்.

மண்டபம் ஐம்பது அடி. நாற்பது. வண்டி தானாகவே வாசலுக்கு வந்து நின்றது. "அரக்கு," என்றார் மேஸ்திரி. அந்த நேரத்தில் மூடி மெல்ல எழும்பிற்று. கீழேயிருந்து வெள்ளை வெளேரென்று நுரை கிளம்பி, பொங்கிப் பொங்கி, அரக்கு பானெட்டின் இரண்டு பக்கமும் வழிந்தது. எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி அணைந்தது. மாப்பிள்ளை சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் கீழே குதித்துவிட்டார். பக்கிரிசாமி வாசிப்பை நிறுத்தினார். நாலு விசிறியும் நின்றன. மாடி ஜன்னலில் மங்கையின் முகம் தெரிந்தது. என் கையில் பானை இருந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

தனபாக்கியம் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நுரையை ஒரு விரலால் தொட்டார், முகர்ந்தார். அவரும் தறிக்காரக் குடும்பம்தான். "கஞ்சி," என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"எந்தப் பக்கம் பொங்கிச்சு?"

தைப்பொங்கல் பானை எந்தத் திசையில் பொங்கி வழிகிறது என்று பார்ப்போம் இல்லையா? கிழக்கே வழிந்தால் அந்த வருஷம் நல்லது. வண்டி தெற்குப் பார்த்து நின்றிருந்தது. கிழக்கும் மேற்கும் ஒரே மாதிரி வழிந்திருந்தது. அத்தை கிழக்குப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு இந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள், மேஸ்திரி கதவைத் திறந்து பாய்ந்து, தன் புது அங்கவஸ்திரத்தை உருவி, மேற்குப் பக்கத்து பானெட் முழுவதையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். கை பொசுங்கியிருக்கும், முகத்தில் காட்டவில்லை. கிரீஸும் கஞ்சியும் கலந்த அந்தத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றார்.

"கிழக்கேம்மா. சுத்தமா கிழக்கே," என்றார்.

பக்கிரிசாமிக்கு நான் இருமாமலே புரிந்தது. கெட்டிமேளம் முழங்கிற்று. அத்தை மேற்குப் பக்கத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். "கிழக்கால பொங்கிச்சு. ஆரத்தி எடுத்துக்கினு வாங்கடி," என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். உள்ளே போகும்போது என் காதருகே குனிந்து, "ஐயரு துணிய இப்பவே அலசச் சொல்லு. கஞ்சி காஞ்சா வெறைச்சுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அக்கினியை வலம் வந்தார். அது ஒன்றும் பெரிய சூடாகத் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார். ரேடியேட்டரிலிருந்து கஞ்சியைச் சுரண்டி எடுக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அங்கவஸ்திரத்தைக் கொட்டகையில் கைதுடைக்கிற துணியாக வைத்துக்கொண்டார், அது கிழிகிறவரை. அடுத்த முகூர்த்தத்திலிருந்து ஊரில் ஆளாளுக்கு அந்த விசிறிகளை இரவல் கேட்டு வந்தார்கள். சாதாரண வண்டிதானே, விசிறி எதற்கு என்று நான் சொன்னால் கோபித்துக்கொண்டார்கள்.

சென்ற மாதம் நடந்தது மங்கையின் மகன்வழிப் பேத்தி கல்யாணம். மின்சாரக் கார் மண்டப வாசலில் வந்து நின்றபோது, மங்கை ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையாட்டிக் கூப்பிட்டார். நான் குனிந்தேன்.

"ஏகாம்பரம், பச்சையா?"

"இன்னிக்கு நெசமாவே பச்சைம்மா," என்றேன்.

"அன்னிக்கும் பச்சைன்னுதான் சொல்லி அனுப்பினே," என்றார். "அண்ணி திரும்பி வர்றப்பவே நான் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். வண்டி பூரா ஆவி. பொய்னு தெரியும். இருந்தாலும் கீழ நமக்காக ஒருத்தன் பொய் சொல்றான்னு நெனைச்சுதான் மூச்சு விட்டுக்கினு நின்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் விசிறிக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "ஏம்பா நிறுத்திட்டீங்க? மாப்பிள்ளை எறங்கற வரைக்கும் வீசுங்க," என்றார். அவர்கள் வீசினார்கள். பல்லவர் விஷயத்தை நான் அங்கே கிளப்பவில்லை.